டிராய் கருத்துக் கேட்கும்போது பதில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரீசார்ஜ் திட்டங்கள் எந்த வடிவில் வரலாம், சிக்னல் எவ்வளவு தரமாக இருக்க வேண்டும், விளம்பர அழைப்புகளை யார் தடுக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் விதி எழுதுவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். எல்லோரும் டிராய் என்றே சொல்கிறோம். விதி எழுதுவதற்கு முன் அது ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். யார் வேண்டுமானாலும் பதில் அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, சங்கமாகப் பதிவு செய்திருக்க வேண்டியதும் இல்லை.

வரும் பதில்களில் பெரும்பகுதி நிறுவனங்களிடமிருந்தும் அவற்றின் சங்கங்களிடமிருந்தும்தான் வருகிறது. நுகர்வோர் பக்கமிருந்து வருவதே கொஞ்சம். அதிலும் பல, கேட்ட கேள்விக்குப் பதிலாக இருப்பதில்லை. உள்ளூர் நுகர்வோர் குழுக்களோடு உட்கார்ந்து இந்தப் பதில்களைத் தயாரித்தபோது, புதிதாக எழுதுகிறவர்கள் ஒரே சில இடங்களில் தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசை. வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்ததை வைத்துத்தான் நகர்கிறது.

1. இது டிராயின் வேலைதானா என்று முதலில் பாருங்கள்

டிராய் சட்டம் 1997ஆம் ஆண்டு வந்தது. அதன் 11ஆவது பிரிவு ஆணையத்துக்கு இரண்டு வகை வேலை தருகிறது. உரிமம், அலைக்கற்றை போன்றவற்றில் அது மத்திய அரசுக்குப் பரிந்துரை மட்டும் செய்யும். முடிவு தொலைத்தொடர்புத் துறையிடம் இருக்கும். கட்டணம், சேவைத் தரம், நிறுவனங்களுக்கிடையிலான இணைப்பு போன்றவற்றில் அதுவே முடிவெடுத்து விதி போடும்.

இந்த வித்தியாசம் உங்கள் பதிலின் தொனியையே மாற்றும். விதி போடும் விஷயமென்றால் ‘இந்தப் பிரிவில் இந்த வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள்’ என்று நேரடியாகக் கேட்கலாம். பரிந்துரை விஷயமென்றால், அரசை ஏற்கவைக்கும் காரணங்களை டிராயின் கையில் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

டிராயிடம் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்பு மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பொறுப்பு. ஓர் ஊரில் இணையத்தை நிறுத்துவது அரசு தரும் ஆணை. உங்கள் சிம்மில் பணம் தவறாகக் கழிந்தது என்பது தனிப்பட்ட புகார். அதற்கு முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இங்கேதான். தங்கள் பில் பிரச்சினையை ஆலோசனை அறிக்கைக்குப் பதிலாக அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் புகாரும் தீராது, கருத்தாகவும் அது கணக்கில் வராது. அதே பிரச்சினையை ஆதாரமாக மாற்ற வழி இருக்கிறது. அது 6ஆவது படியில் வருகிறது.

2. அறிக்கையைக் கண்டுபிடித்து, இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிராய் இணையதளத்தில் ‘கன்சல்டேஷன் பேப்பர்’ என்ற பகுதியில் அறிக்கைகள் பிடிஎஃப்பாக இருக்கும். முதல் சில பக்கங்களுக்குள்ளேயே இரண்டு கடைசித் தேதிகள் தரப்பட்டிருக்கும். ஒன்று கருத்துகளுக்கானது, மற்றது எதிர்க்கருத்துகளுக்கானது, அதாவது மற்றவர்கள் அனுப்பிய கருத்துகளுக்கு நீங்கள் தரும் பதிலுக்கானது. வழக்கமாகக் கருத்துக்கு நான்கு வாரம், அதன்பின் எதிர்க்கருத்துக்கு இரண்டு வாரம். எந்த அதிகாரிக்கு, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும்.

தேதி பல நேரங்களில் நீட்டிக்கப்படுவது உண்மைதான். ஆனால் நீட்டிப்பை நம்பித் திட்டமிடாதீர்கள். நீட்டிப்பு வரும் என்று காத்திருந்து, வராமல் போனதால் பதிலே அனுப்பாத குழுக்களை எனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி எழுதத் தொடங்குவது இன்னொரு தவறு. 2024 ஜூன் 6ஆம் தேதி தேசிய எண் திட்டத்தைத் திருத்துவது பற்றி டிராய் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் வைத்திருந்தால் கட்டணம் வசூலிக்கப் போகிறார்கள் என்று உடனே செய்தி பரவியது. அது பொய் என்று டிராய் ஜூன் 14ஆம் தேதி மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. இல்லாத ஒரு திட்டத்தை எதிர்த்து எழுதும் கடிதத்தை அதிகாரி ஒரு வரியில் ஒதுக்கிவிடுவார். செய்தி எங்கிருந்து வந்தாலும் சரி, பிடிஎஃப்பைத் திறந்து, அந்த வாசகம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பாருங்கள்.

3. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆலோசனை அறிக்கை. அது திருத்தப்போகிற பழைய விதியின் இப்போதைய வடிவம். அதே பொருளில் முன்பு வந்த அறிக்கை ஏதாவது இருந்தால், அதற்கு நிறுவனங்கள் அனுப்பிய பதில்கள். டிராய் தனக்கு வரும் பதில்களை இணையதளத்திலேயே போடுவதால் இவை எல்லாருக்கும் கிடைக்கும். நிறுவனங்கள் போன முறை என்ன வாதம் வைத்தன என்று தெரிந்தால், இந்த முறை என்ன வரப்போகிறது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

பழைய விதி ஏன் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே விதியில் இருக்கும் ஒன்றைப் புதிதாகக் கேட்டுவிடாமல் இருக்கத்தான். விதி இருந்தும் அது நடைமுறையில் இல்லை என்பது உங்கள் குறையானால், கேட்க வேண்டியது புது விதி அல்ல. அதைக் கண்காணிக்கும் வழியும் மீறினால் அபராதமும்.

4. அறிக்கையைக் கடைசியிலிருந்து வாசியுங்கள்

அறிக்கைகள் பெரும்பாலும் நீளமாக இருக்கும். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் தொழில்நுட்ப வரலாற்றிலும் வெளிநாட்டு நடைமுறைகளிலும் சிக்கி, கேள்விகளுக்கு வருவதற்குள் களைத்துவிடுவீர்கள். கேள்விகள் எல்லாம் கடைசி அத்தியாயத்தில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டிருக்கும். அங்கே தொடங்குங்கள்.

ஒவ்வொரு கேள்வியும் உள்ளே எந்தப் பத்திகளுக்குப் பிறகு கேட்கப்படுகிறது என்று தேடி, அந்தப் பத்திகளை மட்டும் இரண்டு முறை படியுங்கள். டிராய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தத் தகவல் அதனிடம் இல்லை என்பது அங்கேதான் தெரியும். ‘இதுபற்றிப் போதிய விவரம் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அதை அடிக்கோடிடுங்கள். உங்கள் பதிலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வெளிநாட்டு நடைமுறைப் பகுதியை இறுதியில் படித்தால் போதும். பல நேரம் அது தேவையே படாது.

5. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம்

அறிக்கையில் 20 கேள்விகள் இருக்கலாம். உங்களுக்கு அனுபவமும் ஆதாரமும் இருப்பது இரண்டோ மூன்றோதான் என்றால் அவற்றுக்கு மட்டும் எழுதுங்கள். மற்றவற்றுக்குக் ‘கருத்து இல்லை’ என்றுகூட எழுத வேண்டியதில்லை. தெரியாத கேள்விக்கு எழுதும் பொத்தாம்பொதுவான பதில், தெரிந்த கேள்விக்கு எழுதிய நல்ல பதிலின் மதிப்பையும் சேர்த்துக் குறைக்கிறது.

ஆனால் எழுதும் கேள்வியின் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். டிராய் அலுவலர்கள் வந்த பதில்களைக் கேள்வி வாரியாகத்தான் தொகுக்கிறார்கள். எண் இல்லாத பதில் எந்தத் தொகுப்பிலும் சேராமல் போகும்.

இதற்குப் பெரிய உதாரணம் 2015இல் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, இணையதளத்துக்கு இணையதளம் வேறு வேறு டேட்டா கட்டணம் வைக்கலாமா என்று டிராய் நான்கு கேள்விகள் கேட்டது. சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாக ஃபேஸ்புக் ஒரே மாதிரிக் கடிதத்தைப் பயனர்கள் மூலம் லட்சக்கணக்கில் அனுப்ப வைத்தது. அந்தக் கடிதங்கள் அந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் தரவில்லை என்று டிராய் வெளிப்படையாகச் சொன்னது. 2016 பிப்ரவரி 8இல், உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்று விதி வந்தது. அதே 2015இல் ஏப்ரல் மாதம் இணையச் சமநிலைக்காக (எல்லா இணையதளங்களையும் நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது) தன்னார்வலர்கள் தயாரித்த கடிதமும் மாதிரிக் கடிதம்தான். ஆனால் அது, அப்போது வந்திருந்த வேறோர் அறிக்கையில் இருந்த 20 கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னது.

எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று டிராய் வாக்கு எண்ணுவதில்லை. எந்தக் காரணம் நிற்கிறது என்றுதான் பார்க்கிறது. இதை ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த இரண்டு படிகளுக்கு நேரம் ஒதுக்குவீர்கள்.

6. ஆதாரம் சேருங்கள்

பதில் எழுதச் செலவிடும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நிறுவனங்களிடம் ஆய்வுக் குழுவும் வக்கீல்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது, ஒரு தெருவில் அல்லது ஒரு கிராமத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்ற விவரம். அதை உங்களால் தர முடியும்.

ஓர் உண்மையான உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை மறுஆய்வு செய்ய 2024 ஜூலை 26இல் டிராய் ஓர் அறிக்கை வெளியிட்டது. பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் தனி ரீசார்ஜ் தேவையா என்பது அதில் ஒரு கேள்வி. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள், பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது நம் எல்லோர் வீட்டிலும் தெரிந்த கதைதான். அதை ஆதாரமாக மாற்றுவது எப்படி?

ஒரு நோட்டில் இப்படிக் கட்டம் போடுங்கள்: ஊர் அல்லது வார்டு, வயது, பட்டன் போனா ஸ்மார்ட்போனா, கடைசியாகச் செய்த ரீசார்ஜ் தொகை, அது எத்தனை நாளைக்கு, அதில் டேட்டா உண்டா, அந்த டேட்டாவைப் பயன்படுத்தினாரா, வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறதா. ஒரு தெருவில் வீடு வீடாகக் கேட்டால் ஒரு மாலை வேலை. விசாரித்த தேதியையும், வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். இருபது வீடு என்றால் இருபது என்றே சொல்லுங்கள். சின்ன எண்ணிக்கையை மறைத்து ‘பெரும்பாலான மக்கள்’ என்று எழுதினால் மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இருபது வீட்டின் நேர்மையான கணக்கை யாராலும் மறுக்க முடியாது.

கூடவே கைப்பேசி நிறுவனங்களின் செயலியில் அன்று கிடைத்த மிகக் குறைந்த விலைத் திட்டங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியும் வட்டமும் (தொலைத்தொடர்புச் சேவைக்காகப் பிரித்த பகுதி, தாலுகா அல்ல) தெரிய வேண்டும், ஏனென்றால் திட்டங்கள் வட்டத்துக்கு வட்டம் மாறலாம், அடுத்த மாதம் காணாமலும் போகலாம். தமிழ்நாட்டில் எடுத்தால் ‘தமிழ்நாடு வட்டம்’ என்று எழுதுங்கள்.

இணைய வேகம் பற்றிய கேள்வியென்றால் டிராயின் மைஸ்பீட் செயலியிலேயே சோதியுங்கள். அதன் முடிவு டிராய்க்கு அந்நியமாக இருக்காது. ஒரே இடத்தில் காலை, மாலை, இரவு என்று பல நாள் எடுத்தது, பல இடத்தில் ஒருமுறை எடுத்ததைவிடப் பயன் தரும். ஒருமுறை எடுத்த அளவை ‘அன்று ஏதோ கோளாறு’ என்று நிறுவனம் தள்ளிவிடும்.

1ஆவது படியில் சொன்ன அந்த பில் பிரச்சினையும் இங்கே உதவும். புகார் எண், புகார் கொடுத்த தேதி, பதில் வந்த தேதி, மேல்முறையீடு செய்தீர்களா, என்ன முடிவு என்று வரிசையாக எழுதினால், புகார் தீர்க்கும் முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று.

ஒரு கட்டாய எச்சரிக்கை: யாருடைய கைப்பேசி எண்ணும் முழுப் பெயரும் இணைப்பில் வரக்கூடாது. ஸ்கிரீன்ஷாட்களில் எண்ணை மறைத்துவிடுங்கள். ஏன் என்பது 9ஆவது படியில்.

7. பதிலை எழுதுங்கள்: முடிவு முதலில், காரணம் அடுத்து

முதல் வாக்கியத்திலேயே ‘ஆம், தேவை’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் காரணம். அப்புறம் ஆதாரம். கடைசியில், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்பது.

வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்:

‘ரீசார்ஜ் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. ஏழை மக்கள் என்ன செய்வார்கள்? நிறுவனங்கள் கொள்ளையடிக்கின்றன. டிராய் உடனடியாகத் தலையிட வேண்டும்.’

இதில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் ஓர் அதிகாரி இதிலிருந்து விதிக்குள் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. இதையே இப்படி எழுதலாம்:

‘ஆம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள தனி ரீசார்ஜ் தேவை. பட்டன் போன் வைத்திருப்பவருக்கும், வீட்டில் பிராட்பேண்ட் உள்ள முதியவருக்கும் கைப்பேசி டேட்டா பயன்படுவதில்லை. எங்கள் வார்டில் விசாரித்த வீடுகளின் விவரம் இணைப்பு 1இல் உள்ளது. டேட்டா இல்லாத மாதத் திட்டம் அன்று எந்த நிறுவனத்திடமும் கிடைக்கவில்லை என்பதற்கு இணைப்பு 2. டேட்டா சேர்ந்த திட்டங்கள் வழக்கம்போலத் தொடரலாம் என்பதால், இந்தத் தனி ரீசார்ஜ் டேட்டா பயன்பாட்டைக் குறைக்காது.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று ஊகித்து, அதற்கும் பதில் தருகிறது. இந்தத் தனி ரீசார்ஜ் பற்றிய விதி 2024 டிசம்பர் 23இல் வந்தபோது, அதனுடன் வந்த விளக்கக் குறிப்பில் டிராய் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய இவைதான்: முதியோர், வீட்டில் பிராட்பேண்ட் உள்ள குடும்பங்கள், டேட்டா திட்டங்களை விற்க நிறுவனங்களுக்குத் தடை இல்லை என்பது.

விளக்கக் குறிப்புக்காக எழுதுகிறோம் என்று நினைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு விதியோடும் டிராய் தன் காரணங்களை எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் காரணங்கள் பலவீனமாக இருந்தால் விதி கோர்ட்டில் விழும். 2015 அக்டோபரில், பேச்சு பாதியில் துண்டிக்கப்பட்டால் அழைத்தவருக்கு ஓர் அழைப்புக்கு 1 ரூபாய், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று அழைப்புக்கு இழப்பீடு என்று டிராய் விதி போட்டது. மக்களுக்கு மிகவும் பிடித்த விதி. 2016 மே 11இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துண்டிப்புகளில் ஒரு பகுதி நுகர்வோர் பக்கக் காரணங்களால் நிகழ்கிறது என்று டிராயின் தொழில்நுட்ப அறிக்கையே சொல்லியிருக்க, எல்லாவற்றுக்கும் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது நிற்கவில்லை. எதிர்த்துச் சொல்லப்பட்ட கருத்துகளுக்குக் காரணத்தோடு பதில் தரப்படவில்லை என்பதையும் நீதிமன்றம் குறையாகக் கண்டது.

ஆகவே உங்கள் கோரிக்கைக்கு எதிரான வலுவான வாதத்தை நீங்களே எடுத்து வைத்துப் பதில் சொல்வது டிராய்க்குச் செய்யும் பெரிய உதவி. நாளை அந்த விதி கோர்ட்டில் நிற்க வேண்டும் அல்லவா?

மொழி பற்றி ஒரு வார்த்தை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், டிராய் அலுவலர்களும் ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறார்கள். இருந்தாலும் பதிலை முதலில் தமிழில் எழுதி முடித்துவிட்டு அப்புறம் ஆங்கிலமாக்குங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுத உட்காருகிறவர்கள் சட்டத் தோரணையில் பெரிய பெரிய சொற்களைக் கோத்து, சொல்ல வந்ததை விட்டுவிடுகிறார்கள். மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினாலும் குறையில்லை. எண்களும் ‘இல்லை’, ‘கூடாது’ போன்ற எதிர்மறைகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று மட்டும் வரி வரியாகச் சரிபாருங்கள்.

8. மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்

‘தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடிக்காதீர்கள். விதியில் எந்த வாக்கியம் வர வேண்டும் என்று எழுதுங்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. யார், என்ன, எப்போதிலிருந்து, செய்யாவிட்டால் என்ன என்ற நான்கும் இருந்தால் போதும்.

எழுதியபின் ஒரு கெட்டிக்கார நிறுவனம் அந்த வாக்கியத்தின்படியே நடந்துகொண்டு அதன் நோக்கத்தை எப்படித் தவிர்க்கும் என்று யோசியுங்கள். 2024 விதி, ஒவ்வொரு நிறுவனமும் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான சிறப்பு வவுச்சர் (தனி ரீசார்ஜ்) ஒன்றையாவது தர வேண்டும், அதன் காலம் 365 நாளுக்கு மேற்படக்கூடாது என்றது. விலை பற்றி அதில் ஒன்றுமில்லை. கைப்பேசிக் கட்டணத்தைப் பொதுவாக நிறுவனங்களே நிர்ணயிக்க விட்டுவிடுவது டிராயின் நெடுநாள் கொள்கை. திட்டத்தை அறிமுகப்படுத்திய 7 வேலை நாளுக்குள் டிராய்க்குத் தெரிவித்தால் போதும். 2025 ஜனவரியில் நிறுவனங்கள் டேட்டா இல்லாத திட்டங்களை வெளியிட்டன. டேட்டாவை எடுத்த அளவுக்கு விலை குறையவில்லையே என்ற குறை உடனே எழுந்தது.

என் பார்வையில், ஆலோசனைக் கட்டத்திலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும். விலையை நிர்ணயிக்கச் சொல்லாவிட்டாலும், ‘டேட்டா சேர்ந்த திட்டத்தின் விலையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணத்தை நிறுவனம் டிராயிடம் எழுத்தில் தர வேண்டும்’ என்று ஒரு வரி கேட்கலாம். 30 நாளுக்கும் குறையாத காலத்துக்கு ஒரு வவுச்சராவது வேண்டும் என்றும் கேட்டிருக்கலாம். ஓட்டையை அடைக்கும் வரிகள் கேட்காமல் வருவதில்லை.

9. அனுப்புங்கள்

ஒரே கோப்பு. மேலே அறிக்கையின் பெயரும் தேதியும், உங்கள் பெயர், ஊர், நீங்கள் யார் என்று இரண்டு வரி. பிறகு கேள்வி எண் வாரியாகப் பதில், கடைசியில் இணைப்புகள். எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிற கோப்பாக இருக்கட்டும். கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினால், அதிலிருந்து மேற்கோள் எடுக்க அலுவலர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். அந்தச் சிரமத்தை எல்லோரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அனுப்புவது எல்லாம் பொதுவெளிக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரலில் இணையச் சமநிலை பற்றி வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை, அனுப்பியவர்களின் முகவரிகளோடு டிராய் தன் இணையதளத்தில் போட்டுவிட்டது. வீட்டு முகவரி, கைப்பேசி எண், ஆதார் நகல் எதுவும் வேண்டாம். இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வதும் நல்லது.

கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பே அனுப்பி, வந்துசேர்ந்ததா என்று கேட்டு ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. எதிர்க்கருத்தைத் தவறவிடாதீர்கள்

பெரும்பாலானோர் 9ஆவது படியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம், ஏனென்றால் உழைப்புக்கு ஏற்ற பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான்.

கருத்துகளுக்கான தேதி முடிந்ததும் டிராய் வந்த பதில்களை வெளியிடும். நிறுவனங்களின் பதில்களைத் திறந்து, உங்கள் கேள்வி எண்களுக்கு மட்டும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அவர்களின் கருத்தோடு வாதாட வேண்டாம். அவர்கள் உண்மை என்று சொல்லும் ஏதாவது ஒன்று உங்கள் ஊரில் பொய்யாக இருக்கிறதா என்று தேடுங்கள். ‘எல்லா வகை வாடிக்கையாளருக்கும் திட்டங்கள் இருக்கின்றன’ என்று ஒரு பதிலில் இருந்தால், உங்கள் ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து ஒரு பக்கத்தில் பதில் அனுப்புங்கள். ‘பதில்தாரரின் எத்தனையாவது பக்கம், எந்தப் பத்தி’ என்று குறிப்பிடுவது அவசியம்.

இரண்டு வாரம்தான் இருக்கும். கருத்து அனுப்பிய அன்றே இதற்கான நாளையும் குழுவில் ஒதுக்கிவிடுங்கள்.

11. திறந்த விவாதத்தில் ஒரே ஒரு விஷயம்

எழுத்துக் கருத்துகளுக்குப் பிறகு டிராய் வழக்கமாக ‘ஓபன் ஹவுஸ்’ என்ற பொது விவாதம் நடத்தும். இப்போது பெரும்பாலும் இணையவழியில் நடப்பதால் டெல்லிக்குப் பயணம் தேவையில்லை. அறிவிப்பில் சொன்னபடி முன்பதிவு செய்ய வேண்டும்.

உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். எழுத்தில் அனுப்பியதை வாசிக்காதீர்கள், அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் ஆதாரத்தில் மிக வலுவான ஒன்றையும், நீங்கள் எழுதிய மாற்று வாசகத்தையும் மட்டும் சொல்லுங்கள்.

12. முடிவு வந்தபின் படிக்க வேண்டியது

விதி வந்ததும் செய்திக் குறிப்போடு நிற்காமல் விளக்கக் குறிப்பைத் திறந்து, உங்கள் கேள்வி பற்றிய பகுதியைப் படியுங்கள். உங்கள் பெயர் இருக்காது. ‘சில தரப்பினர் கருதுகின்றனர்’ என்று உங்கள் வாதம் இருக்கலாம். ஏற்கப்படவில்லையென்றால் ஏன் என்று அங்கே இருக்கும். அந்தக் காரணத்தைக் குறித்து வையுங்கள். இதே பொருளில் அடுத்த அறிக்கை வரும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது பரிந்துரையென்றால் கதை முடியவில்லை. உரிமம் தொடர்பான பரிந்துரைகளை அப்படியே ஏற்க முடியாது என்று அரசு கருதினால் டிராய்க்குத் திருப்பி அனுப்பும். டிராய் 15 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது 11ஆவது பிரிவு. அந்தப் பதிலும் வெளியாகும், அதையும் பின்தொடருங்கள்.

விதியையே எதிர்க்க வேண்டுமானால் எங்கே போவது என்பதில் குழப்பம் உண்டு. டிராயின் தனிப்பட்ட உத்தரவுகளை எதிர்த்துத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமான டிடிசாட்டுக்குப் போகலாம். டிராய் சட்டத்தின் 36ஆவது பிரிவின் கீழ் போட்ட விதி செல்லுமா என்பதை அங்கே கேட்க முடியாது என்று 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதற்கு உயர் நீதிமன்றம்தான்.

13. அமைச்சகத்தின் வரைவு விதி என்றால் என்ன மாறும்?

2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை அரசிதழில் வரைவாக வெளியிடுகிறது. பெரும்பாலும் 30 நாள் அவகாசம். 2025 ஜனவரி 3இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளுக்கு மைகவ் என்ற அரசு இணையதளத்தின் வழியாகக் கருத்துக் கேட்டார்கள். விதிக்கு விதி தனியாகப் பதிய வேண்டியிருந்தது.

இங்கே கேள்விகள் கிடையாது, நேரடியாக விதி வாசகம்தான். எனவே 5ஆவது படிக்குப் பதிலாக, எந்த விதி எண்ணுக்கு எழுதுகிறீர்கள் என்று தேர்ந்தெடுங்கள். 8ஆவது படியில் சொன்ன மாற்று வாசகம்தான் இங்கே முழு வேலையும்.

எதிர்க்கருத்துச் சுற்று இல்லை. மற்றவர்கள் அனுப்பியதைப் பார்க்கவும் முடியாது. தரவுப் பாதுகாப்பு வரைவின்போது கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று அமைச்சகமே சொல்லிவிட்டது. அதனால் நீங்கள் அனுப்பியதை, தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டு, நீங்களே பொதுவில் வெளியிடுங்கள். அப்போதுதான் வேறு ஊரில் இதே விதியைப் படித்துக்கொண்டிருக்கும் குழு உங்கள் ஆதாரத்தை எடுத்துப் பயன்படுத்த முடியும். படிவத்தில் ஒட்டுவதற்கு முன் முழுப் பதிலையும் தனிக் கோப்பில் சேமித்து, சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகைத் திரையையும் எடுத்து வையுங்கள். இறுதி விதி வந்தபின் உங்கள் கோரிக்கை என்ன ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க அந்தத் தேதியும் எண்ணும் தேவைப்படும்.